சென்னையிலிருந்து ஜித்தா எவ்வளவு தூரம்?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



வண்டலூர், ஊரப்பாக்கம், தாம்பரம், பல்லாவரம் என ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வாழும் நம் குடும்பங்களுக்கு மீனம்பாக்கம் விமான நிலையம் அண்டை ஊரைப் போன்றது. வண்டலூரிலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவுதான். பெற்றோரை அழைத்துக்கொண்டு உம்ராவுக்குச் சென்று, பதினைந்து நாளில் ஜம்ஜம் நீரோடும் பேரீச்சம்பழத்தோடும் திரும்புவது நம் மஹல்லாக்களில் இன்று வழக்கமான செய்தியாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகளும், "ஜித்தா எவ்வளவு தூரம், ஹஜ்ரத்?" என்று கேட்கிறார்கள். விடை கைப்பேசியிலேயே கிடைக்கிறது. சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 4,450 கி.மீ. இடையில் நிற்காத விமானத்தில் ஐந்தரை முதல் ஆறு மணி நேரம்.

இதே கேள்வியை நம் பாட்டனாரின் பாட்டனாரிடம் கேட்டிருந்தால், கிலோமீட்டரிலோ மணிக்கணக்கிலோ விடை வந்திருக்காது. "இத்தனை மாதம்" என்று சொல்லியிருப்பார். "இன்ஷா அல்லாஹ்" என்பதையும் உடன் சேர்த்திருப்பார். இரு நகரங்களுக்கும் இடையிலுள்ள கடலும் நிலமும் அன்று இருந்தபடியே இருக்கின்றன. பயண நேரம் மட்டுமே குறைந்திருக்கிறது. அந்த நேரம் எவ்வாறு குறைந்தது, அதனோடு சேர்ந்து நம் கையைவிட்டுப் போனது எது, ஷரீஅத்தின் கணக்கில் இந்தத் தூரம் இன்றும் எவ்வாறு நிற்கிறது என்பவற்றை அறிவது, பயணத்துக்கு ஆயத்தமாகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன்தரும்.

நாளால் அளந்த தூரம்

முற்காலத்தார் தூரத்தைப் பெரும்பாலும் காலத்தால் அளந்தனர். பயணக் கூட்டம் ஒரு நாளில் கடக்கும் வழியை அரபிகள் 'மர்ஹலா' என்றனர். அவர்களின் கடலோடிகள் 'ஸாம்' என்னும் அளவைக் கையாண்டனர். மூன்று மணி நேரத்தில் கப்பல் செல்லும் தூரமே ஒரு ஸாம். பதினைந்தாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மாலுமியான அஹ்மத் இப்னு மாஜித் தம் நூல்களில் இந்த அளவையே பயன்படுத்தினார். நம் தமிழில் ஒரு சாமம் என்பதும் மூன்று மணி நேரம்தான். பகலுக்கு நான்கு, இரவுக்கு நான்கு என நாளை எட்டாகப் பிரித்த வழக்கம் இந்தக் கடலின் இரு கரைகளிலும் இருந்திருக்கிறது.

இஸ்ரா, மிஃராஜ் நிகழ்ந்த இரவுக்கு மறுநாள் குறைஷியர் எழுப்பிய ஆட்சேபணையும் இந்த அளவிலேயே அமைந்தது. மக்காவிலிருந்து பைத்துல் முகத்தஸுக்கு ஒட்டகங்கள் போக ஒரு மாதம், வர ஒரு மாதம் ஆகுமே, ஒரே இரவில் எவ்வாறு போய்வர இயலும் என்று அவர்கள் கேட்டதை சீரா நூல்கள் பதிவு செய்துள்ளன. இரு நகரங்களுக்கும் இடையே நேர்த்தூரம் ஏறத்தாழ 1,240 கி.மீ. நாளொன்றுக்கு 40 கி.மீ. என வைத்துக்கொண்டால் முப்பத்தொரு நாள் ஆகிறது. ஆக, அவர்கள் போட்ட கணக்கு சரியானதே. தூரத்தையும் காலத்தையும் படைத்தவனின் ஆற்றலை அந்தக் கணக்குக்குள் அடைக்க முற்பட்டதே அவர்களின் தவறு.

கடல்வழியிலும் இதே நிலைதான். கி.பி. 851-இல், அதாவது ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், தொகுக்கப்பட்ட அரபு வணிகர் குறிப்பொன்று, மஸ்கட்டிலிருந்து கொல்லத்துக்குக் காற்று மிதமாக வீசினால் ஒரு மாதப் பயணம் என்கிறது. காற்று எவ்வாறு வீசும் என்பதைச் சேர்க்காமல் அந்நாளில் எவரும் தூரத்தைச் சொல்ல முடியவில்லை.

காற்றும் பிறையும்

தமிழகத்தின் கீழைக் கடற்கரையை அரபிகள் 'மஃபர்' என்று அழைத்தனர். கடந்து செல்லும் இடம் என்பது அதன் பொருள். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை, பழவேற்காடு ஆகிய ஊர்களில் வாழ்ந்த நம் முன்னோர் கடலைத் தொழிலாகக் கொண்டவர்கள். எதிர்க்கரையில் ஜித்தா, மக்காவின் துறைமுகமாக விளங்கியது. ஹிஜ்ரி 26-இல் (கி.பி. 647) கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள், அதற்கு முன் பயன்பட்டு வந்த ஷுஐபாவுக்குப் பதிலாக ஜித்தாவைத் துறைமுகமாக்கினார்கள். இங்கிருந்து செல்வோர் குமரிமுனையைச் சுற்றி மலபார் துறைகளை அடைந்து, அரபிக்கடலைக் கடந்து, ஏடன் வழியாக பாபுல் மன்தப் நீரிணைக்குள் நுழைந்து, செங்கடலில் வடக்கே சென்று ஜித்தாவை எட்ட வேண்டும்.

பாய்மரக் கப்பல் தான் விரும்பிய நாளில் இந்த வழியில் செல்ல இயலாது. குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றே கப்பலை அரபுக் கரைக்கு இட்டுச்செல்லும். திரும்பி வருவதற்குத் தென்மேற்குப் பருவக்காற்று வேண்டும். அதுவும் ஜூன், ஜூலையில் கடுமையாக வீசும்போது மேலைக் கரையின் துறைகள் மூடப்பட்டுவிடும். ஆகவே அந்தக் காற்று தணியத் தொடங்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களே வீடு திரும்பும் காலமாக இருந்தன.

காற்று சூரிய ஆண்டைப் பின்பற்றுகிறது. ஹஜ்ஜோ பிறையைப் பின்பற்றுகிறது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ பதினொரு நாள் குறைவு. எனவே துல்ஹஜ் மாதம் ஒவ்வோர் ஆண்டும் முன்னே நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். ஹஜ் ஜூன் மாதத்தில் அமையும் ஆண்டில், பிப்ரவரியில் கப்பலேறி, ஹஜ்ஜை நிறைவேற்றி, செப்டம்பரில் திரும்பிவிடலாம். ஹஜ் அக்டோபரில் அமைந்தாலோ, போவதற்கான காற்று அவ்வாண்டின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அதில் சென்றவர் ஹஜ்ஜுக்காகப் பல மாதம் காத்திருக்க வேண்டும். ஹஜ் முடிந்தபின் அடுத்த ஆண்டின் தென்மேற்குக் காற்றுக்காக மீண்டும் காத்திருக்க வேண்டும். ஒரே துறைமுகத்திலிருந்து ஒரே வழியில் சென்றாலும், ஓர் ஆண்டில் எட்டு மாதமாக இருந்த பயணம் வேறோர் ஆண்டில் ஒன்றரை ஆண்டாக நீண்டது. கணவன் எப்போது திரும்புவான் என்று கணக்கிட அந்நாளைய மனைவி காற்றையும் பிறையையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருந்தது.

காற்று இசைந்தாலும் கடல் பாதுகாப்பாக இருந்ததில்லை. 1498-இல் போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டை அடைந்தபின், அவர்களின் அனுமதிச் சீட்டின்றிச் சென்ற கப்பல்கள் தாக்கப்பட்டன. 1502-இல் மக்காவிலிருந்து ஹாஜிகளை ஏற்றித் திரும்பிய மீரீ என்னும் கப்பலை வாஸ்கோ ட காமாவின் படையினர் மலபார் கடலில் எரித்தனர். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் அதில் மாண்டனர். பொன்னானியின் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) தம் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில், ஹஜ் பயணத்தைத் தடுத்ததையும் போர்ச்சுகீசியரின் கொடுமைகளுள் ஒன்றாகப் பதிவு செய்தார். 'மஃபரீ' என்னும் அக்குடும்பத்தின் அடைமொழி, நம் கடற்கரையோடு அவர்களுக்கிருந்த தொடர்பைச் சொல்கிறது. வழியில் இத்தனை ஆபத்து இருக்கையில் ஹஜ் இன்னும் கடமையாக நிற்கிறதா என்று இந்தியாவில் சில உலமாக்கள் விவாதித்த காலமும் உண்டு. அவர்களுக்குத் தூரம் என்பது உயிரைப் பணயம் வைக்கும் கேள்வியாக இருந்தது.

நீராவி தந்த வேகம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தபோது ஹஜ் பயணம் காற்றின் பிடியிலிருந்து விடுபட்டது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் செங்கடலில் கப்பல் போக்குவரத்து பெருகியது. 1871-இல் ராய்ச்சூரில் இரு ரயில் பாதைகள் இணைந்தபோது, சென்னையிலிருந்து பம்பாய்க்கு ஏறத்தாழ 1,300 கி.மீ. தூரத்தை ரயிலிலேயே கடக்க முடிந்தது. அதன்பின் தமிழ் ஹாஜிகளுக்கும் பம்பாய் பெருவாயிலாகியது. முஸாஃபிர்கானாக்களில் தங்கிக் கப்பலின் நாளுக்காகக் காத்திருப்பது பயணத்தின் ஒரு பகுதியாயிற்று.

பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கடல்வழி ஏறத்தாழ 2,300 கடல் மைல். மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் வேகத்தில் இடைவிடாது சென்றால் எட்டு நாள் ஆகும். ஆயினும் பயணம் எட்டு நாளில் முடிந்துவிடவில்லை. 1865-இல் மக்காவில் பரவிய காலராவில் பல்லாயிரம் ஹாஜிகள் இறந்தனர். நோய் எகிப்து வழியாக ஐரோப்பாவையும் எட்டியது. அடுத்த ஆண்டு கான்ஸ்டாண்டினோபிளில் சர்வதேச சுகாதார மாநாடு கூடியது. அதைத் தொடர்ந்த ஏற்பாடுகளின் பகுதியாக, 1882-இல் உஸ்மானிய அரசு செங்கடலின் கமரான் தீவில் தனிமைப்படுத்தும் முகாமை நிறுவியது. கிழக்கிலிருந்து வந்த ஹஜ் கப்பல்கள் அங்கே நின்றன. பயணிகள் கரையிறக்கப்பட்டு, அவர்களின் துணிகள் நீராவியால் சுத்திகரிக்கப்பட்டன. சில நாள் கழித்தே மறுபடியும் கப்பலேற முடிந்தது. கொரோனாக் காலத்தில் தனிமையில் இருந்த நமக்கு அந்த நாள்களின் கனம் ஓரளவு புரியும்.

நெரிசலும் அலட்சியமும் வேறு துன்பங்களைத் தந்தன. 1880-இல் ஏறத்தாழ 950 ஹாஜிகளோடு சிங்கப்பூர், பினாங்கு வழியாக வந்த 'ஜித்தா' என்ற பெயருடைய கப்பலில் நீர் புகுந்தபோது, அதன் ஐரோப்பியத் தலைவரும் அதிகாரிகளும் பயணிகளைக் கைவிட்டுப் படகில் தப்பினர். கப்பல் மூழ்கிவிட்டதென அவர்கள் ஏடனில் அறிவித்திருக்க, வேறொரு கப்பல் அதை இழுத்துக்கொண்டு அதே ஏடனுக்கு வந்து சேர்ந்தது. ஹாஜிகள் தண்ணீரை இறைத்துக் கொட்டிக் கப்பலை மிதக்க வைத்திருந்தனர். 1886-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஹஜ் பயண ஏற்பாட்டைத் தாமஸ் குக் நிறுவனத்திடம் ஒப்படைத்துப் பார்த்தது. சில ஆண்டுகளில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. 1877-இல் பம்பாயில் தொடங்கப்பட்டு, பிற்காலத்தில் முகல் லைன் எனப் பெயர்பெற்ற கப்பல் நிறுவனமே நெடுங்காலம் ஹாஜிகளை ஏற்றிச் சென்றது.

இத்தனை சிரமத்துக்கிடையிலும் அந்தக் கப்பல் நாள்களில் ஒரு நன்மை இருந்தது. கடலில் வேறு வேலை இல்லை. கப்பலில் ஆலிம் ஒருவர் இருந்தால், தொழுகைக்குப் பின் ஹஜ்ஜின் கடமைகளைக் கேட்டுத் தெளிய எட்டுப் பத்து நாள் கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தல்பியாவைக் காதால் கேட்டு மனனம் செய்ய முடிந்தது. கமரானைக் கடந்து யலம்லம் மலைக்கு நேராகக் கப்பல் வரும் வேளையை முன்கூட்டியே அறிவிப்பார்கள். குளித்து, இஹ்ராம் துணி உடுத்தி, இரண்டு ரக்அத் தொழுது, நிய்யத் செய்யப் போதிய நேரம் இருந்தது. ஆக, பயணத்தின் நீளமே பயணிக்குப் பாடசாலையாகவும் ஆயத்தக் காலமாகவும் அமைந்தது.

வான்வழி

1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த சிறு விமானத்தை, நெவில் வின்சென்ட் அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அது சுமந்து வந்தது கடிதங்களை. அதன்பின் சில பத்தாண்டுகளில் ஹாஜிகளும் விமானமேறத் தொடங்கினர். நெடுங்காலம் கப்பலும் விமானமும் அருகருகே இயங்கின. பணம் குறைந்தவர்கள் கப்பலையே நாடினர். 1995-இல் மும்பை, ஜித்தா ஹஜ் கப்பல் பயணம் நிறுத்தப்பட்டது. கப்பலில் ஹஜ் செய்த பெரியவர்கள் இன்றும் சில வீடுகளில் இருக்கிறார்கள்; அவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது பிள்ளைகளுக்கு நல்ல பணியாகும்.

1981-இல் ஜித்தாவில் மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையம் திறக்கப்பட்டது. பாலைவனக் கூடாரங்களை நினைவூட்டும் அதன் ஹஜ் முனையத்தின் கட்டுமானத்துக்குப் பொறியியல் அறிவை வழங்கியவர், டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 2018-இல் ஹரமைன் அதிவேக ரயில் இயங்கத் தொடங்கிய பின், ஒட்டகத்தில் இரண்டு நாளாக இருந்த ஜித்தா, மக்கா வழி ஒரு மணி நேரத்துக்கும் குறைவாயிற்று. நம் பக்கத்திலும் வழி சுருங்கியிருக்கிறது. கீழக்கரையிலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ இரவுப் பேருந்தில் புறப்படுபவர், 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்தில் விடியற்காலையில் இறங்கி, வண்டலூரைக் கடந்து விமான நிலையம் சென்றுவிடலாம்.

எனினும் வழி எப்போதும் திறந்தே இருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வெளிநாட்டு ஹாஜிகள் எவரும் செல்ல முடியவில்லை. 2022-இல் ஹஜ் மீண்டும் திறந்தபோது புறப்பாட்டு நிலையங்களின் பட்டியலில் சென்னை இல்லை. தமிழக ஹாஜிகள் கொச்சிக்குச் சென்று விமானமேறினர். சென்னையிலிருப்பவருக்கு அது ஏறத்தாழ 700 கி.மீ. கூடுதல் பயணம். முதியோருக்கு அந்த முதற்கட்டமே பெருஞ்சோர்வாக இருந்தது. 2023-இல் சென்னை மீண்டும் சேர்க்கப்பட்டது.

ஷரீஅத்தின் மூன்று அளவுகள்

விமானத்தின் வேகத்தைக் கண்டு சிலர், "ஆறு மணி நேரப் பயணத்தில் என்ன கஷ்டம்? இதற்கும் பயணச் சலுகை உண்டா?" என்று கேட்பதுண்டு. ஷரீஅத் பயணத்தோடு தொடர்புடைய சட்டங்களை எவற்றின் மீது அமைத்திருக்கிறது என்று பார்த்தால் விடை தெளிவாகும்.

முதலாவது தூரம். நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கும் கஸ்ர் சலுகைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலாவும், ஹனஃபீ மத்ஹபில் மூன்று நாள் வழியும் அளவாகும். இன்றைய கணக்கில் உலமாக்கள் இதை ஏறத்தாழ 77 முதல் 88 கி.மீ. வரை மதிப்பிடுகின்றனர். நாளால் சொல்லப்பட்ட அளவாயினும் அது சுட்டுவது தூரத்தையே. ஹிஜ்ரி 676-இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், நம் ஷாஃபிஈ மத்ரஸாக்களில் இன்றும் ஓதப்படும் 'மின்ஹாஜுத் தாலிபீன்' நூலில், கடல் பயணமும் தரைப் பயணத்தைப் போன்றதே என்றும், அத்தூரத்தை ஒருவர் கடலில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிட்டாலும் கஸ்ர் செய்யலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அத்தகைய வேகமுள்ள கப்பல் எங்கும் இருந்ததில்லை. ஆயினும் சட்டத்தின் அடிப்படையை அவர்கள் உறுதியாகப் பிடித்திருந்ததால், விமானம் வந்த பின்னும் அந்த விதியை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

கஸ்ர் எங்கே தொடங்குகிறது என்பதையும் அறிய வேண்டும். சொந்த ஊரின் எல்லையைக் கடந்த பிறகே சலுகை உண்டு. வண்டலூரிலிருந்து விமான நிலையம் வரை வீடுகள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. ஆகவே விமான நிலையத்தில் லுஹரையோ அஸரையோ முழுமையாகத் தொழுவதா, சுருக்குவதா என்பதைப் புறப்படும் முன்பே தம் மத்ஹபை அறிந்த மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் ஜம்உ விஷயத்திலும் இரு மத்ஹபுகளுக்கும் வேறுபாடு உண்டு.

இரண்டாவது இடம். ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ செல்பவர் இஹ்ராமின்றிக் கடக்கக் கூடாத எல்லைகளே மீகாத்துகள். நம் முன்னோருக்குக் கப்பலில் யலம்லம் மீகாத்தாக இருந்தது. இன்று சென்னையிலிருந்து கிழக்குத் திசை வழியாக ஜித்தாவை நெருங்கும் விமானங்கள் பெரும்பாலும் கர்னுல் மனாஸிலின் எல்லையைக் கடந்தே செல்கின்றன. 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், வான்வழியாகவோ கடல்வழியாகவோ வருபவர் மீகாத்துக்கு நேராகும்போது இஹ்ராம் கொள்ள வேண்டும் என்றே தீர்மானித்தது.

இங்கேதான் விமானத்தின் வேகம் நமக்குச் சோதனையாகிறது. விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் சென்றால், ஒரு நிமிடத்தில் 13 கி.மீ. கடக்கிறது. மீகாத் அறிவிப்பின்போது ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தால் 65 கி.மீ. கடந்துவிடும். ஒட்டகக் கூட்டத்துக்கு அது ஒன்றரை நாள் வழி. மீகாத்தை இஹ்ராமின்றிக் கடந்தவர் மீண்டும் மீகாத்துக்குச் சென்று இஹ்ராம் கொள்ள வேண்டும். இல்லையேல் ஓர் ஆட்டை அறுத்துப் பலியிடும் 'தம்' கடமையாகும் என்பது ஃபிக்ஹ் நூல்களின் தீர்ப்பு. நிய்யத் செய்ய ஒரு நிமிடம் போதும். கப்பலில் அந்த ஒரு நிமிடத்துக்காக நாள் முழுதும் விழித்திருந்தார்கள்.

மூன்றாவது சூரியன். தொழுகையும் நோன்பும் நாம் இருக்கும் இடத்தின் சூரியனைப் பொறுத்தவை. சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே ஏறத்தாழ 41 பாகை தீர்க்கரேகை வேறுபாடு உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் 164 நிமிடம், அதாவது இரண்டே முக்கால் மணி நேரம். மேற்கே பறப்பவருக்குப் பகல் அவ்வளவு நீள்கிறது. ரமளானில் நோன்போடு சென்னையில் பகல் 2 மணிக்கு விமானமேறுபவரை எடுத்துக்கொள்வோம். சென்னையில் மஃரிப் பாங்கு ஒலிக்கும் வேளையில் அவர் அரபு மண்ணின் மேலே பறந்துகொண்டிருப்பார். சன்னலில் சூரியன் தெரியும். கைக்கடிகாரம் சென்னை நேரத்தைக் காட்டுகிறது என்று அவர் நோன்பு திறந்துவிடக் கூடாது. அவர் கண் முன்னே சூரியன் மறைய வேண்டும். பயணிக்கு நோன்பை ஒத்திவைக்கும் சலுகை உண்டு. அதன் நிபந்தனைகளை ஆலிமிடம் கேட்டறிய வேண்டும். திரும்பி வரும்போது இதற்கு எதிரான நிலை ஏற்படும். இரவு சுருங்கும், ஃபஜ்ர் எதிர்பார்த்ததற்கு முன்பே வந்துவிடும். இரவு விமானத்தில் உறங்குபவர் ஃபஜ்ரைத் தவறவிடுவது இதனால்தான்.

தூரம், இடம், சூரியன் ஆகிய மூன்றும் அன்று போலவே இன்றும் இருக்கின்றன. பயணத்துக்கு ஆகும் நேரத்தின் மீது ஷரீஅத் இச்சட்டங்களை அமைக்கவில்லை. ஆகவே பயணம் ஆறு மணி நேரமாகக் குறைந்தாலும் இச்சட்டங்களில் ஒன்றும் குறையவில்லை.

வீட்டிலேயே தொடங்கும் பயணம்

நேரம் குறைந்ததால் நமக்குக் கிடைத்த நன்மைகள் பெரியவை. தாய்தந்தையர் ஓராண்டு பிரிந்திருக்க வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவரும் கஅபாவைக் கண்ணால் காண்கிறார். வழியில் கொள்ளை இல்லை, கொள்ளைநோய் முகாம் இல்லை. இவற்றுக்காக அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துவோம்.

அதே வேளையில், நீண்ட பயணம் தானாகவே செய்துவைத்த சில காரியங்களை இனி நாமே முயன்று செய்ய வேண்டியிருக்கிறது. அன்று திரும்பி வருவோமா என்பது உறுதியில்லை என்பதால், புறப்படுபவர் கடனை அடைத்தார், வஸிய்யத் எழுதினார், திரும்பும்வரை குடும்பத்துக்கு வேண்டிய செலவைக் கொடுத்தார், வீடு வீடாகச் சென்று, "என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று மன்னிப்புக் கேட்டார். கஃபன் துணியைக் கையோடு எடுத்துச் சென்றவர்களும் உண்டு. பதினைந்து நாளில் திரும்பும் பயணச்சீட்டு கையில் இருக்கையில், இவை தேவையற்றவை போலத் தோன்றுகின்றன. ஆயுளின் முடிவு பயணச்சீட்டில் எழுதப்பட்டிருக்கவில்லை. அண்ணன் தம்பியிடையே பேச்சு நின்றிருக்கும் வீட்டிலிருந்து உம்ராவுக்குப் புறப்படுபவர், ஜித்தாவுக்கு விமானமேறும் முன் அடுத்த தெருவிலிருக்கும் அந்த வீட்டுக்கு நடந்து செல்வது நல்லது. நம்மில் பலருக்கு அந்தத் தூரமே கடக்கக் கடினமானது.

எனவே பயணம் உறுதியானதும் குடும்பத்தினர் சேர்ந்து நாள்தோறும் சிறிது நேரம் அமர்ந்து உம்ராவின் முறையை ஓதிக்கொள்ளட்டும். கப்பலில் கிடைத்த பாடத்தை நம் வீட்டுக் கூடத்தில் நடத்திக்கொள்ளலாம். ஆண்கள் குளித்து, இஹ்ராம் துணியை வீட்டிலோ விமான நிலையத்திலோ உடுத்திக்கொள்வது எளிது. துணி உடுத்துவதே இஹ்ராம் ஆகிவிடாது. நிய்யத்தோடு தல்பியா கூறுவதே இஹ்ராம். மீகாத்துக்குச் சற்று முன்பே நிய்யத் செய்தாலும் அது செல்லும் என்பதால், உறக்கத்துக்கு அஞ்சுபவர் அவ்வாறு செய்துகொள்ளலாம். பெண்களுக்கு இஹ்ராமுக்கெனத் தனி உடை இல்லை. நிய்யத் அவர்களுக்கும் உண்டு. முதலில் மதீனாவுக்குச் செல்பவர்கள் விமானத்தில் இஹ்ராம் கொள்ள வேண்டியதில்லை. அங்கிருந்து மக்காவுக்குப் புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் கொள்வார்கள். தங்கள் குழு முதலில் எந்த நகருக்குச் செல்கிறது என்பதை முன்னரே கேட்டறிவது அவசியம். குடும்பத்தில் ஒருவர் மீகாத் வேளையில் விழித்திருந்து மற்றவர்களை எழுப்பும் பொறுப்பை ஏற்கட்டும். முதியோர் அருகிலேயே அவர் அமரட்டும்.

சூரத்துல் ஹஜ்ஜின் 27-ஆவது வசனம், இப்ராஹீம் (அலை) அவர்களின் அழைப்பை ஏற்றுத் தொலைதூர வழிகளிலிருந்தெல்லாம் மக்கள் வருவதைப் பற்றிப் பேசுகிறது. பாய்மரத்திலும் நீராவிக் கப்பலிலும் சென்ற நம் முன்னோர் அந்த அழைப்புக்கு விடையளிக்கத் தம் வாழ்நாளின் மாதங்களையும் ஆண்டுகளையும் கொடுத்தார்கள். நம்மிடம் கேட்கப்படுவது அதைவிட மிகக் குறைவு. அந்தச் சில மணி நேரத்தை விழிப்போடும் அறிவோடும் கடக்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக. வழியிலேயே உயிர்நீத்த ஹாஜிகளின் பயணத்தை அவன் ஏற்றுக்கொள்வானாக. இதுவரை அவ்வில்லத்தைக் காணாதவர்களுக்கு அதன் வாயிலைத் திறந்துவிடுவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.